எனக்கும் நார்மல்தான்

அந்த ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்குப் பெயர் கஞ்சி அக்கா. மேசை விரிப்புகளுக்குக் கஞ்சி போடும் வேலை பதினோரு வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. நடை, பேச்சு, பார்வை எல்லாமே கஞ்சி போட்டு இஸ்திரி செய்த மாதிரி விறைப்பாக இருக்கும் அவளுக்கு.

சலவைப் பிரிவு ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்தது. மேல் மாடி அறைகளிலிருந்து வந்து விழும் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடும்போது, மற்ற பெண்கள் எதையாவது சுட்டிக்காட்டிக் கிசுகிசுத்துச் சிரிப்பார்கள். கஞ்சி அக்கா ஒரு தடவை தொண்டையைச் செருமினால் போதும், சிரிப்பு பட்டென்று அடங்கிவிடும். "பொம்பளைங்கன்னா நாலு பேர் மதிக்கிற மாதிரி இருக்கணும்" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை.

நிர்வாகம் ஒரு கிளினிக்கோடு பேசி, முப்பது வயது தாண்டிய பெண் ஊழியர்களுக்கு இலவசப் பரிசோதனை கேம்ப் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. கருப்பை வாயிலிருந்து சின்ன தூரிகையால் வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை. என்ன, எங்கே, எப்படி என்று தெரிந்ததும் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். "நானே போறேன், உங்களுக்கென்ன?" என்று முதல் ஆளாய்ப் போய் நின்றவள் கஞ்சி அக்காதான். நாற்பத்தாறு வயதில் அவள் அப்படிப்பட்ட பரிசோதனை செய்துகொண்டது அதுவே முதல் தடவை. இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. வெளியே வந்து, "ஒண்ணுமே இல்ல, போங்க போங்க" என்று மற்றவர்களை உள்ளே தள்ளிவிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன.

"எனக்கு நார்மல்!"

"எனக்கும் நார்மல்."

"ஸ்கூல்ல கூட நான் ஒரே தடவையில பாஸானது கிடையாதுடி," என்று இஸ்திரி போடும் பருமனான பெண் சொல்ல, மேசையே அதிரச் சிரித்தார்கள்.

கஞ்சி அக்காவின் கைபேசிக்குச் செய்தி வரவில்லை. அழைப்பு வந்தது. அவள் எழுந்து, அழுக்குத் துணி வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடத்துக்குப் போய்ப் பேசினாள். கிளினிக்கின் நர்ஸ். ரிசல்ட் பற்றி நேரில் பேசவேண்டும், நாளை வர முடியுமா என்று கேட்டாள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "பயப்படாதீங்க, நேர்ல சொல்றேன்" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு?"

"எனக்கும் நார்மல்தான்."

யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து நேராகக் கிளினிக்குக்குப் போனாள். நர்ஸுக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். ஒரு தாளில் கருப்பையின் படம் வரைந்து, அதன் கீழ்ப்பகுதியில் பேனாவால் வட்டம் போட்டாள்.

"இந்த இடத்துல செல்கள்ல மாற்றம் தெரியுது. கொஞ்சம் கூடுதலான மாற்றம்தான். கேன்சர்னு அர்த்தம் இல்ல. ஆனா அப்படியே விட்டா பின்னால ஆகலாம். அதனால கால்போஸ்கோப்பின்னு ஒரு டெஸ்ட், பெரிசுபடுத்திக் காட்டுற கருவியை வெச்சு அந்த இடத்தைப் பார்ப்பாங்க. சந்தேகமா இருந்தா ஒரு துணுக்கு எடுத்து அனுப்புவாங்க."

"இது எதனால வருது?"

"ஒரு வைரஸ்ம்மா. ஹெச்.பி.வி.ன்னு சொல்வோம். உடலுறவு மூலமா தொத்துறது."

நர்ஸ் அதற்கு மேலும் நிறையச் சொன்னாள். சளி, காய்ச்சல் மாதிரி இது ரொம்ப சாதாரணம், பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்து தானாகவே போய்விடும், சிலருக்குத்தான் தங்கிவிடும், அது எப்போது யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இருபது வருடம் கூட உள்ளே சும்மா கிடந்திருக்கலாம் என்றெல்லாம் சொன்னாள். கஞ்சி அக்காவின் காதில் அதெதுவும் ஏறவில்லை. கன்னமும் காதும் கொதித்தன. அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்குச் சுருட்டையின் ஞாபகம் வந்துவிட்டது.

சுருட்டை என்பவள் உலர்த்தும் எந்திரங்களில் வேலை பார்ப்பவள். எண்ணெய் எவ்வளவு வைத்தாலும் படியாத தலைமுடி. புருஷனை விட்டுப் பிரிந்து தனியாக இருப்பவள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் நாலு நாள் லீவு போட்டாள். பெண்கள் நோய்க்குப் பார்க்கிற இடத்தில் அவளைக் கண்டதாக யாரோ வந்து சொன்னார்கள், என்ன நோய் என்பதையும் சேர்த்துத்தான். அன்று சாப்பாட்டு மேசையில் கஞ்சி அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னாள்: "ஒழுங்கா இருக்கிறவளுக்கு இந்த வியாதியெல்லாம் ஏன் வரப்போகுது? கண்டபடி திரிஞ்சா கண்டதும்தான் வரும்."

சொல்லி முடித்து நிமிர்ந்தால், கழுவிய டிபன் பாக்ஸோடு சுருட்டை வாசலில் நிற்கிறாள். திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் சாப்பாடு உலர்த்தும் எந்திரங்களுக்குப் பின்னால், தனியாக. அதுவரை வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டவள், அதன் பிறகு கஞ்சி அக்காவை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலை விஷயமாகப் பேச வேண்டி வந்தால் மொட்டையாகப் பேசுவாள். கஞ்சி அக்காவும் அதைக் கண்டுகொள்ளாத மாதிரியே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள்.

இப்போது நர்ஸ் நீட்டிய தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், தெருவில் தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

குறித்துக் கொடுத்த தேதியில் அவள் போகவில்லை. வேலையில் ஆள் குறைவு என்று போனில் சொன்னாள். அடுத்த தேதி கொடுத்தார்கள். அன்று காலை கிளினிக் இருக்கும் தெருமுனை வரைக்கும் போனாள். எதிர்ப்புறம் மருந்துக் கடையில் இஸ்திரிக்காரியின் தங்கை மாதிரி ஒருத்தி நின்றிருந்தாள். அவளேதானா என்று கூடப் பார்க்காமல் வந்த பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். கேன்சர் என்ற சொல் அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் வெட்கம் உடம்பு முழுக்கப் பரவி உட்கார்ந்திருந்ததில் பயத்துக்கு உட்கார இடமே கிடைக்கவில்லை. குளிக்கும்போது தன் உடம்பைத் தானே பார்க்காமல் குளித்தாள். புருஷனின் துவாலையோடு தன் துவாலை படாதபடி தனிக் கொடியில் போட்டாள்.

இவளுக்குப் புருஷனைத் தவிர வேறு ஆள் கிடையாது. அது அவளுக்குத் தெரியும். அப்படியானால் அவர்? பெட்டிப் பாம்பாய் வீட்டுக்கு வந்து, போட்டதைச் சாப்பிட்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு தூங்கிப்போகும் மனிதர். அவரைச் சந்தேகப்பட்டால் அது ஒரு அசிங்கம். சந்தேகப்படாவிட்டால் அசிங்கம் முழுக்கத் தன் தலையில். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது.

விஷயம் உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்திருக்கிறது. அவர் எடுத்திருக்கிறார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்திலிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று, போன் அடித்தால் யாருடையதென்று பார்க்காமல் எடுக்கிற பழக்கம்.

"ஏதோ கிளினிக்காம்," என்றார். "ரெண்டு தடவை வரலையாமே நீ. என்னன்னு கேட்டேன், உங்ககிட்ட சொல்ல முடியாது, அவங்களையே பேசச் சொல்லுங்கன்னுட்டாங்க. என்னாச்சு?"

"ரத்தம் கம்மியா இருக்காம். சத்து மாத்திரை குடுப்பாங்க."

"சத்து மாத்திரைக்கா ஞாயித்துக்கிழமை கூப்பிடுறாங்க?"

அவள் ஈரத் தலையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ் என்ற இடம் வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது. அவர் இரண்டாம் முறை கேட்க வேண்டியதாயிற்று. அவளும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைக் கழற்றினார். அதை முடித்துவிட்டு அலமாரிக் கதவின் கீல். அதற்குப் பிறகு ஆடாத நாற்காலியையும் ஒரு முறுக்கு முறுக்கினார். மத்தியானம்தான் அவள் பக்கத்தில் வந்து நின்று, திருப்புளியைக் கைமாற்றிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா?"

"ஆம்பளைங்களுக்கு அந்த டெஸ்ட் கிடையாதாம்."

"ம்." திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்தார். "அப்ப நீ போகணும். கண்டிப்பா போகணும். நான் கூட வரேன்."

எங்கிருந்து வந்திருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வயதில் வெளியூரில் தொழில் பழகிக்கொண்டு நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவர். அந்த நாட்களைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்திலும் ஒரு கூச்சம் இருந்ததை அவள் பார்த்தாள். அதற்கு மேல் கிளறக்கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டாள்.

அவர் கூட வந்தால் வெளியே நாற்காலியில்தான் உட்கார முடியும். உள்ளே என்ன செய்வார்கள், வலிக்குமா, இரத்தம் வருமா, அன்றைக்கே எழுந்து நடக்க முடியுமா? கேட்பதற்கு அவளுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். நாலு நாள் அந்த எண்ணத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல், உலர்த்தும் எந்திரங்களுக்குப் பின்னால் போனாள்.

சுருட்டை கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்ன?"

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." எந்திரச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. அதுவே அவளுக்கு உயிரை வாங்கியது. "எனக்கு அந்த டெஸ்ட்ல... நார்மல்னு வரல. கால்போஸ்கோப்பிக்கு வரச் சொல்றாங்க. உனக்கு அன்னைக்கு... அது செஞ்சாங்களா?"

சுருட்டை கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே போட்டாள்.

"நார்மல்னு சொன்னதா கேள்விப்பட்டேன்."

"பொய் சொன்னேன்."

"அப்ப நீங்களும் கண்டபடி திரிஞ்சீங்களா?"

கஞ்சி அக்கா எந்திரத்தின் சூடான பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். அழுகை வந்திருந்தாலாவது தேவலை, வரவில்லை.

"சொன்னது தப்பு," என்றாள் கடைசியில். "அன்னைக்கே தெரியும் தப்புன்னு. நீ வாசல்ல நின்ன பாரு, அப்பவே தெரியும். ஆனா வந்து சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. எனக்கு வந்த பிறகுதான் வந்து நிக்கிறேன். அதுவும் அசிங்கம்தான்."

"அசிங்கம்தான்," என்றாள் சுருட்டை.

பிறகு கூடையின் மேலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இடம் கொடுக்கிறாளா, டப்பாவை எடுப்பதற்கு நகர்கிறாளா என்று தெரியாமல் கஞ்சி அக்கா நின்றபடியே இருந்தாள்.

"வலி பெரிசா இருக்காது. புளிப்பு வாடை அடிக்கிற ஒரு தண்ணியைத் தடவுவாங்க. கொஞ்சம் எரியும். துணுக்கு எடுக்கும்போது கிள்ளின மாதிரி சுருக்குன்னும். அப்புறம் ரெண்டு நாளைக்கு அடிவயிறு பிடிக்கும். பேட் கொண்டு போங்க. கறுப்பா ஏதாவது வந்தா பயந்துடாதீங்க, அது அவங்க போடுற மருந்து." பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "எனக்கு அதுக்கப்புறம் கம்பி வெச்சு அந்த இடத்தை எடுத்துட்டாங்க. அதுவும் அரை மணி நேர வேலைதான்."

"இப்ப நல்லா இருக்கியா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"ஆறு மாசத்துல ஒரு தடவை வா, அதுக்கப்புறம் வருஷா வருஷம் வான்னாங்க. நான் போகல." டப்பாவை மூடினாள். "அங்க போனா எவளாவது பார்ப்பா. இங்க வந்து சொல்வா. மேசையில உக்காந்து பேசுவீங்க. கேம்ப்புக்கும் அதனாலதான் லீவு போட்டேன். மூணு வருஷமா எதுவும் பார்க்கல."

கஞ்சி அக்கா அதுவரை பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அது தன் உடம்பைப் பற்றியது. இது இன்னொருத்தியின் உயிரைப் பற்றியது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, இவள் மூன்று வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

"நீ வா," என்றாள். "வியாழக்கிழமை எனக்குத் தேதி. நீயும் வா. உன் பேரையும் நானே போன் பண்ணிக் குடுக்கிறேன். யாராவது பார்த்தா என்னையும் சேர்த்துத்தானே பார்ப்பாங்க."

சுருட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஆனால் வியாழக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

உள்ளே எல்லாம் அவள் சொன்னபடியேதான் நடந்தது. டாக்டரம்மா பேசிக்கொண்டே வேலை செய்கிறவள். "அந்தத் தண்ணி பட்ட இடம் வெள்ளையாத் தெரியுது பாருங்க, அதைத்தான் தேடுறோம்" என்று திரையைக் காட்டினாள். கஞ்சி அக்கா பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடி, விரிந்த கால்களோடு, முகம் வியர்த்துக் கிடந்தாள். இரண்டு துணுக்கு எடுத்தார்கள். அடுத்த அறையில் சுருட்டைக்கு ஸ்மியர் எடுத்தார்கள். வெளியே கஞ்சி அக்காவின் புருஷன் இரண்டு பேருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த கருப்பைப் படத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரத்தில் ரிசல்ட். சுருட்டைக்கு எதுவும் இல்லை. கஞ்சி அக்காவுக்கு மாற்றம் மூன்றாம் நிலையில் இருந்தது. கேன்சர் இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். "நீங்க இன்னும் கொஞ்ச வருஷம் கழிச்சு வந்திருந்தா பேச்சே வேறயா இருந்திருக்கும்," என்றாள் டாக்டரம்மா. சுருட்டையின் ரிசல்ட்டைக் கேட்டபோதுதான் கஞ்சி அக்கா அழுதாள். பக்கத்திலிருந்த சுருட்டை, "உங்களுக்குத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு அழுறீங்க?" என்று கேட்டாள்.

மரத்துப் போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தைச் சீவி எடுத்தார்கள். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு வாரத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, புருஷன் பக்கத்தில் போகக்கூடாது என்றார்கள். இரண்டாவதில் சிரமமில்லை. முதலாவதில்தான் சிக்கல். ஈர விரிப்பு ஒரு மூட்டை பிணம் மாதிரி கனக்கும். அதைத் தூக்காமல் கஞ்சித் தொட்டியில் வேலை செய்ய முடியாது. மேற்பார்வையாளரிடம் டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல், "சரி சரி, மடிக்கிற மேசையில உக்காருங்க" என்றார்.

மடிக்கிற மேசையில் கஞ்சி அக்கா! மதியத்துக்குள் ஆளாளுக்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாள் ஒருத்தி. இந்த வயதில் முழுகாமல் இருக்கிறாள் என்று இன்னொருத்தி கண்ணடித்தாள். சாப்பாட்டு மேசையில் இஸ்திரிக்காரி நேராகவே கேட்டாள்.

"அக்கா, என்னக்கா உடம்புக்கு? இடுப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், முடிந்துபோகும். அந்த 'ஆமாம்' நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.

"இடுப்பு இல்ல," என்றாள். டிபன் பாக்ஸின் மூடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னைக்கு எனக்கும் நார்மல்னு சொன்னேன்ல, அது பொய். கருப்பை வாயில கோளாறு இருந்துச்சு. எடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு முன்னாடி வந்துச்சே, அதே வியாதி. கல்யாணம் ஆனவ, ஆகாதவ, ஒழுங்கா இருக்கிறவ, இல்லாதவன்னெல்லாம் அது பார்த்து வர்றதில்லையாம். யாருக்கு வேணா வருமாம். நான் அவளைப் பத்தி இங்க உக்காந்து பேசினேன். அது ஈனத்தனமான பேச்சு. நீங்க எல்லாரும் கேட்டீங்க. அதனால இதையும் கேட்டுக்குங்க."

எதிரே இருந்த ஒருத்தி, கஞ்சி அக்காவின் பக்கமிருந்த தன் டம்ளரை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். கஞ்சி அக்கா அதைப் பார்த்தாள். முன்பென்றால் அந்த டம்ளரை நகர்த்துகிறவள் அவளாகத்தான் இருந்திருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மிச்சச் சாப்பாட்டை அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தாள்.

கை கழுவும் இடத்தில் இஸ்திரிக்காரி பின்னாலேயே வந்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு காதோடு காதாகக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு நார்மல்னுதான் வந்துச்சு. ஆனா என் தங்கச்சி டெஸ்டே எடுத்ததில்ல. பயந்து சாகிறா. அவளை எந்தக் கிழமை கூட்டிட்டுப் போகணும்?"

"செவ்வாயும் வியாழனும்," என்றாள் கஞ்சி அக்கா. "காலையில சீக்கிரம் போனா கூட்டம் இருக்காது."

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குச் சுருட்டைதான் கூட வந்தாள். அவளுக்குத் தேதி எதுவும் இல்லை, சும்மாதான் வந்தாள். இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வழியில் பெரும்பாலும் பேசாமல்தான் வந்தார்கள். நர்ஸ் தாளைப் பார்த்துவிட்டு, வைரஸும் இல்லை, செல்களும் சரியாக இருக்கின்றன, இருந்தாலும் பரிசோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது, அடுத்த வருடம் இதே மாதம் வாருங்கள் என்றாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"என்னம்மா, வேலைக்குப் போகலையா? பஸ் சத்தம் கேக்குது."

"டெஸ்டுக்கு வந்தேன்."

"என்ன டெஸ்ட்?"

கஞ்சி அக்கா நிறுத்தத்தில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி. இன்னும் காது சூடாகத்தான் செய்தது. கைபேசியை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் பஸ் வந்தது. அதில் ஏறவில்லை. முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, "நீயும் முப்பதை நெருங்குற. போய் எடுத்துக்கோ" என்றாள்.